ரிப்பேருக்குக் கொடுத்த பிஎஸ்3 திரும்பி வந்தப்போ அதுல லினக்ஸ் இல்ல

போன வாரம் என் தங்கச்சி பையன் கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணான். "பெரியம்மா, பழைய பிஎஸ்3 ஒண்ணு விலைக்கு வருது, அந்தக் குண்டு மாடல், அதுல லினக்ஸ் போட்டுப் பழகலாம்னு பாக்கறேன், வாங்கட்டுமா?"ன்னான். பிஎஸ்3-ன்னா சோனியோட பிளேஸ்டேஷன் 3 கேம் மெஷின், லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டற ஒரு இலவச சிஸ்டம். நான் கேட்ட முதல் கேள்வி "அதுல எந்த சாப்ட்வேர் வெர்ஷன் இருக்குன்னு கேட்டியாடா?" அவனுக்குப் புரியல. "நல்லா ஓடுதுன்னு சொன்னாங்க பெரியம்மா"ன்னு மட்டும் சொன்னான். அவனுக்கு அன்னிக்கு ஒரு மணி நேரம் போன்ல கதை சொன்னேன், வெச்சப்புறமும் மனசு ஆறல. பதினஞ்சு வருஷம் கழிச்சும் அந்த ஏப்ரல் மாசத்த நெனச்சா வயித்துக்குள்ள ஏதோ பண்ணுது. அப்ப எனக்கு இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ மிச்சமாயிருக்கும், அதான் முழுசா எழுதிடறேன்.

நான் 2008-ல எம்எஸ் படிக்க அமெரிக்கா போனேன், நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊரு, ஆறு மாசம் பனி. தீசிஸுக்கு எடுத்தது சிடி ஸ்கேன் டேட்டால இருந்து படத்தக் கட்டி எடுக்கற கணக்க வேகமா பண்றது. அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் செல் ப்ராசஸர்னு ஒண்ணு பெரிய பேச்சா இருந்துச்சு, சோனி, தோஷிபா, ஐபிஎம் மூணு பேரும் சேந்து பண்ணது. ஐபிஎம் வித்த செல் சர்வர் வாங்கற அளவுக்கு எங்க லேப்ல காசு கிடையாது. ஆனா அதே ப்ராசஸர் பிஎஸ்3-குள்ள இருந்துச்சு, கடையில 399 டாலர். அதுவும் அப்ப வித்த மாடல்ல "அதர் ஓஎஸ்"னு ஒரு வசதி, மெனுல போயி டிஸ்க்கப் பிரிச்சு, லினக்ஸ் போட்டுக்கலாம், திருட்டு வேலை எதுவும் இல்ல, கம்பெனியே கொடுத்த கதவு. யெல்லோ டாக்னு ஒரு லினக்ஸ் பிஎஸ்3-க்கும் இருந்துச்சு, ஃபெடோரா, உபுண்டுவும் ஓடும். மாசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட டார்ட்மத் வளாகத்துல கௌரவ் கன்னாங்கற இயற்பியல் பேராசிரியர் 2007-லயே எட்டு பிஎஸ்3-ய ஒண்ணா சேத்து கருந்துளை கணக்கு போட்டுக்கிட்டிருந்தார். அதப் படிச்சுட்டுத்தான் எனக்கு தைரியம் வந்துச்சு. அக்டோபர் மாசம் சம்பளத்துல 80 ஜிபி மாடல் ஒண்ணு வாங்கினேன், என் சொந்தக் காசு. வீட்டுக்கு போன்ல சொன்னப்போ அப்பா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "விளையாட்டு மெஷின் வாங்கவாம்மா கடன் போட்டு அனுப்பினோம்"னாரு. இது கம்ப்யூட்டர்ப்பான்னு புரிய வைக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

டிஸ்க்கப் பிரிக்கும்போது அது ரெண்டே வழிதான் கொடுக்கும், ஒண்ணு லினக்ஸுக்கு 10 ஜிபி மிச்சமெல்லாம் கேமுக்கு, இல்லன்னா கேமுக்கு 10 ஜிபி மிச்சமெல்லாம் லினக்ஸுக்கு. நான் ரெண்டாவது எடுத்தேன். ரேம் 256 எம்பி தான், ஒரு பிரவுசர் திறந்தா மூச்சு வாங்கும், கிராபிக்ஸ் சிப்ப லினக்ஸ் தொட முடியாத மாதிரி ஹைப்பர்வைசர்னு ஒரு காவல்காரன் நடுவுல நின்னான். ஆனா கணக்கு போடறதுக்குன்னு எஸ்பிஇன்னு குட்டி குட்டி ப்ராசஸர்கள், லினக்ஸுக்கு ஆறு கிடைக்கும், ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா 256 கேபி மெமரி, நம்ம ப்ரோக்ராமும் டேட்டாவும் அதுக்குள்ளதான் அடங்கணும். வெளிய இருந்து டேட்டாவ ஒரு தடவைக்கு 16 கேபிக்கு மேல இழுக்க முடியாது. ஒரு துண்டுக்கு கணக்கு போட்டுக்கிட்டிருக்கும்போதே அடுத்த துண்ட வரவழைச்சு வெக்கணும், அது தாமதமானா ப்ராசஸர் சும்மா நிக்கும். இத சரியா கோத்து எடுக்கறது நெசவு மாதிரி, ஒரு இழை தப்பினா எல்லாம் போச்சு. கஷ்டம்தான், ஆனா சரியா உக்காந்த அன்னிக்கு வர்ற சந்தோஷம் இருக்கே, ராத்திரி மூணு மணிக்கு தனியா எழுந்து நடந்துக்கிட்டிருப்பேன்.

2009 செப்டம்பர்ல ஸ்லிம் மாடல் வந்துச்சு, 299 டாலர், அதுல அதர் ஓஎஸ் கிடையாதுன்னு சோனி முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்கிட்ட இருக்கறது பழைய மாடல் தானேன்னு நான் அதப் பெருசா எடுத்துக்கல. முதல் மணி அங்கதான் அடிச்சுது, நான்தான் காதுல வாங்கல. ஒரு வசதிய புது மாடல்ல இருந்து எடுக்கறாங்கன்னா, அத ஓட்டிக் காப்பாத்த இனி அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு அர்த்தம், பழைய மெஷின்ல அது எத்தன நாளைக்கு இருக்கும்னு அன்னிக்கே யோசிச்சிருக்கணும். நீங்க இப்ப நம்பியிருக்கற எந்த வசதியா இருந்தாலும் புது மாடல்ல அது இருக்கான்னு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க.

அப்புறம் 2010 ஜனவரி. ஜார்ஜ் ஹாட்ஸ்னு ஒரு பையன், நியூ ஜெர்சிக்காரன், பதினேழு வயசுல ஐபோன் லாக்க உடைச்சு பேர் வாங்கினவன், பிஎஸ்3-ய உடைச்சுட்டேன்னு அறிவிச்சான். எப்படி பண்ணான்னு படிச்சப்போ எனக்கு மெய்சிலிர்த்துச்சு. லினக்ஸுக்குள்ள இருந்து, மெமரில ஒரு இடத்த எனக்குக் கொடுன்னு ஹைப்பர்வைசர்கிட்ட கேக்கறது, அப்புறம் அத திருப்பி எடுத்துக்கோன்னு சொல்றது, அது அழிக்கப் போற அந்த நேரத்துல வெளிய இருந்து ஒரு சின்ன சர்க்யூட் வெச்சு மெமரி கம்பியில ஒரு துடிப்பு கொடுக்கறது, நாப்பது நானோசெகண்ட் கணக்கு. அழிச்சுட்டோம்னு காவல்காரன் நெனச்சுப்பான், ஆனா அழிஞ்சிருக்காது. அந்த ஒரு ஓட்டை வழியா மொத்த மெமரியும் கைக்கு வந்துடும். இதுல கவனிக்க வேண்டியது, அவன் நின்னு வேலை பாத்த இடம் லினக்ஸ். லேப்ல எல்லாரும் இதப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம், நான் அவன் எழுதினத ரெண்டு மூணு தடவ போய்ப் படிச்சேன், இனிமே கிராபிக்ஸ் சிப்பையும் லினக்ஸ்ல தொடலாம்னு கனவு கண்டேன். இந்தக் கதவு வழியா ஒருத்தன் உள்ள வந்துட்டான்னா கம்பெனி கதவையே சுவர் வெச்சு அடைக்கும்னு எங்க யாருக்கும் தோணல.

மார்ச் மாசம் என் மெஷின் சூடாக ஆரம்பிச்சுது. இருபது நிமிஷம் முழு வேகத்துல கணக்கு ஓடினா தானா அணைஞ்சுடும். ஒன்றரை வருஷம் ராப்பகலா ஓடினது, வாரன்டியும் முடிஞ்சாச்சு. டிஃபென்ஸ், அதாவது தீசிஸ ப்ரொஃபசர்கள் முன்னாடி நின்னு விளக்கற நாள், மே முதல் வாரம், கடைசி அளவீடுகள் எடுக்கணும். மார்ச் 27 சனிக்கிழமை ஊர்ல இருந்த ஒரு ரிப்பேர் கடையில கொண்டு போய்க் கொடுத்தேன், கடைப் பேரு வேணாம். திறந்து தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாத்தித் தர்றோம், 85 டாலர், ஒரு வாரம்னாங்க. டிஸ்க்ல இருந்தத வெளிய எடுத்து வெச்சேனான்னு கேட்டா, இல்ல. ஃபேனத்தானே தொடப் போறாங்க, டிஸ்க்க யாரு தொடப் போறான்னு நெனச்சேன். எழுதின ப்ரோக்ராம் கோட லேப் சர்வர்ல கடைசியா ஏத்தினது மார்ச் 9. அதுக்கப்புறம் பண்ண மூணு வார வேலை, இருக்கறதுலயே கஷ்டமான அந்த இழை கோக்கற வேலை, அளவீட்டு லாக் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை, மார்ச் 28, சோனி அறிவிப்பு. ஏப்ரல் 1-ஆம் தேதி 3.21-னு ஒரு அப்டேட் வருது, பாதுகாப்புக் காரணத்துக்காக பழைய மாடல்கள்ல இருந்து அதர் ஓஎஸ் எடுக்கப்படும். அப்டேட் கட்டாயமில்ல, வேணாம்னா போட வேணாம். ஆனா போடலன்னா பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குள்ள போக முடியாது, ஆன்லைன்ல விளையாட முடியாது, 3.21 கேக்கற புது கேமும் புது ப்ளூரே படமும் ஓடாது. போட்டா லினக்ஸ் பகுதியில இருக்கற எதையும் எடுக்க முடியாது, அதனால முன்னாடியே பேக்கப் எடுத்துக்கோங்கன்னும் அதுலயே சொல்லியிருந்தாங்க. பெட்டி வாங்கும்போது ரெண்டும் சேத்துதான் 399, இப்ப ரெண்டுல ஒண்ண நீயே பலி கொடுன்னா அது என்ன நியாயம்? இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஒத்துக்க முடியல. உள்ள வந்தவன் ஒருத்தன், அதுவும் பெட்டியத் திறந்து கம்பி சால்டர் பண்ணி வந்தவன், அவனுக்காக சொன்னபடி பயன்படுத்திக்கிட்டிருந்த அத்தன பேர் கையில இருந்தும் புடுங்கினது பெரிய தப்பு.

நான் திங்கக்கிழமை லேப்லதான் இதப் பாத்தேன். கை நடுங்கிப் போய் உடனே கடைக்கு போன் பண்ணேன். "என் மெஷின அப்டேட் பண்ணிடாதீங்க, எந்தக் காரணத்துக்கும் பண்ணாதீங்க, அதுல என் படிப்பு இருக்கு"ன்னு ரெண்டு தடவ சொன்னேன். கவுன்டர்ல இருந்த பையன் சரி சரின்னான். நேர்ல போயிருக்கணும், அன்னிக்கே போய் மெஷின வாங்கிட்டு வந்திருக்கணும். எனக்கு அன்னிக்கு சாயங்காலம் கிளாஸ் எடுக்க வேண்டியிருந்துச்சு, பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு, சொல்லிட்டோமேன்னு விட்டுட்டேன்.

ஏப்ரல் 3 சனிக்கிழமை போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து டிவில மாட்டினேன், சத்தமே இல்லாம ஜம்முனு ஓடுச்சு. லினக்ஸுக்கு மாறலாம்னு செட்டிங்ஸ்ல போனா அந்த மெனு இல்ல. வேற எங்கயோ இருக்கும்னு தேடினேன். சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல போய்ப் பாத்தா 3.21. தரையில உக்காந்துட்டேன். என் ரூம்மேட் திருச்சிப் பொண்ணு, என்ன விட ரெண்டு வருஷம் சின்னவ, "அக்கா என்னக்கா ஆச்சு, யாருக்காவது ஏதாவதா?"ன்னு பயந்து ஓடி வந்தா. வீட்ல யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டா. அவகிட்ட சொல்ல ஆரம்பிச்சப்போதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

திரும்ப கடைக்கு ஓடினேன். நான் போன் பண்ணத அந்தப் பையன் உள்ள வேலை பாக்கறவர்கிட்ட சொல்லவே இல்ல. வேலை முடிஞ்சதும் சூடாகுதான்னு பாக்க ஒரு ஆன்லைன் கேம ஓட விட்டிருக்காங்க, ஏப்ரல் 1 தாண்டிட்டதால அது அப்டேட் கேட்டிருக்கு, அவரு சரின்னு அமுக்கிட்டாரு. அப்டேட் பண்ணித் தர்றது எங்க பக்கத்துல இருந்து இலவச சேவைன்னு வேற சொன்னாரு. நான் கையெழுத்து போட்ட ரசீதுல உள்ள இருக்கற டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரு வரி இருந்துச்சு, அதக் காட்டினாங்க. கோவத்துல எனக்கு இங்கிலீஷ் வரல, வார்த்தை தொண்டையில நிக்குது. கடைசியில 40 டாலர் திருப்பிக் கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்தேன்.

இந்த இடத்துல நிறுத்தி ஒண்ணு சொல்லணும். எந்த மெஷினையும் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது வாயால சொல்றது கணக்கே இல்ல. அப்டேட் பண்ணக் கூடாது, நெட்ல இணைக்கக் கூடாதுன்னு வேலைச் சீட்டுலயே எழுதச் சொல்லுங்க, அவங்க கையெழுத்தோட. மெஷின் மேலயே ஒரு பேப்பர் ஒட்டுங்க, ஏன்னா சீட்டு கவுன்டர்ல இருக்கும், மெஷின் உள்ள போயிடும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவர் கண்ணுல படறது அந்தப் பேப்பர்தான். வைஃபை பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருந்தா அழிச்சுட்டுக் கொடுங்க. சீரியல் நம்பரையும் வெர்ஷன் காட்டற ஸ்கிரீனையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நான் கொடுத்தப்போ 3.15 இருந்துச்சுன்னு நிரூபிக்க எங்கிட்ட எதுவுமே இல்ல. முடிஞ்சா டிஸ்க்கக் கழட்டி வீட்ல வெச்சுட்டு கொடுங்க, பிஎஸ்3-ல அது ஒரு மூடியும் சில ஸ்க்ரூவும்தான். ஆனா டிஸ்க் கையில இருக்கு, வேற கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துக்கலாம்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அந்த டிஸ்க்ல இருக்கறது அந்த ஒரு மெஷினோட சாவியில பூட்டப்பட்டது, வெளிய மாட்டினா வெறும் குப்பையாத்தான் தெரியும். நான் அந்த வாரம் முழுக்க அதத்தான் பண்ணிப் பாத்தேன். என் வேலை அழியல, அதே பெட்டிக்குள்ள, அதே டிஸ்க்ல, ஒரு பைட் குறையாம இருக்கு, ஆனா என்னால எடுக்க முடியாது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப கம்பெனி எந்த வழியும் கொடுக்கல. முழுசா எரிஞ்சு போயிருந்தாக்கூட மனசு சீக்கிரம் ஆறியிருக்கும்னு நெனக்கறேன்.

ப்ரொஃபசர்கிட்ட சொல்ல ரெண்டு நாள் பயந்தேன். அவரு திட்டல. எல்லாத்தையும் கேட்டுட்டு, இருக்கற தேதிக்காக பழைய அளவீடுகள வெச்சு ஒப்பேத்த வேணாம், மெஷின் கண்டுபிடி, திரும்ப எழுது, தேதிய தள்ளிக்கலாம்னாரு. அந்த ரெண்டு நாள் பயம்தான் வீண், திங்கக்கிழமை காலையிலயே சொல்லியிருந்தா அந்த வாரமே மெஷின் தேட ஆரம்பிச்சிருப்பேன்.

கடைகள்ல இருந்ததெல்லாம் ஸ்லிம், பிரயோஜனமில்ல. பழசு விக்கறவங்க விளம்பரத்தப் பாத்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணேன். எல்லாரும் சொன்ன பதில் நல்லா ஓடுது. வெர்ஷன் என்னன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல, மீதிப் பேரு அப்பதான் பெருமையா சொல்வாங்க, லேட்டஸ்ட் போட்டு வெச்சிருக்கேன்னு. ஏப்ரல் 10 வாடகைக் கார் எடுத்து சிரக்யூஸ் போனேன், விக்கறவரு அப்டேட் பண்ணவே இல்லன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு, போய் மாட்டிப் பாத்தா 3.21, அவரு பையன் முந்தின நாள் ராத்திரி போட்டிருக்கான். அவரும் பொய் சொல்லல, பாவம். வெறுங்கையோட திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை ஆல்பனி பக்கம் ஒருத்தர்கிட்ட கிடைச்சுது, மெஷின் நெட்ல இணைச்சதே இல்ல, படம் பாக்க மட்டும் வெச்சிருந்தாங்க, ஸ்கிரீன்ல 3.15-னு பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. 330 டாலர் சொன்னாரு, பேரம் பேசாம கொடுத்தேன். புது ஸ்லிம்ம விட அதிகம். வீட்டுக்கு வந்து பென் டிரைவ்ல லினக்ஸ ஆரம்பிச்சு வெக்கற பூட்லோடரப் போட்டு திரும்ப லினக்ஸ் ஏத்தினேன், ரூம்மேட்கிட்ட நெட் கேபிள காட்டி "இத மட்டும் இதுல சொருகிடாதடி"ன்னேன், அவ அந்த போர்ட் மேல செல்லோடேப்பே ஒட்டிட்டா.

மூணு வாரம் பண்ணத திரும்பப் பண்ண அஞ்சு வாரம் ஆச்சு. முன்னாடி எப்படி பண்ணோம்னு மங்கலா ஞாபகம் இருக்கும், அந்த ஞாபகம் உதவறத விட குழப்பினதுதான் ஜாஸ்தி. மே டிஃபென்ஸ் தவறிப் போச்சு, ஆகஸ்ட்ல பண்ணேன். அதுக்கு சம்மர்ல பதிவு பண்ணியே ஆகணும், 1,240 டாலர். கார் வாடகை பெட்ரோல் ரெண்டு தடவைக்கும் சேத்து 150, மெஷின் 330, ரிப்பேர்ல திரும்பி வராதது 45. ஆக 1,765 டாலர், அன்னிக்கு என் ஒன்றரை மாசச் சம்பளம். வேலையில ஜூன்ல சேர வேண்டியது செப்டம்பர் ஆச்சு, அந்த மூணு மாசச் சம்பளத்துல ஊர்க்கடன ஒரு பங்கு அடைச்சிருக்கலாம். அப்பாகிட்ட காரணத்தச் சொல்லல, ப்ரொஃபசர் ஊர்ல இல்லன்னு சொன்னேன். கடைசி வரைக்கும் அவருக்கு இது தெரியாது.

இதே சமயத்துல எங்க ஊர்ல இருந்து கார்ல போற தூரத்துல, ரோம்னு ஒரு ஊரு, அங்க அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக் கூடம் 1,700-க்கு மேல பிஎஸ்3 வாங்கி ஒரே சூப்பர் கம்ப்யூட்டராக் கட்டிக்கிட்டிருந்தாங்க. அவங்க அப்டேட் போடப் போறதில்ல, அதனால ஓடறது ஓடும். ஆனா ஒண்ணு பழுதானா அதுக்கு பதில் புதுசு எங்க வாங்கறது? விமானப்படைக்கே அந்தக் கவலை இருந்துச்சுன்னு படிச்சப்போ, நான் ஒருத்திதான் ஏமாந்தவ இல்லன்னு ஒரு ஆறுதல். ஒரு வசதிய நம்பி வேலை பண்றீங்கன்னா அதே வெர்ஷன்ல இன்னொரு மெஷின் கைவசம் இருக்கணும், இல்லன்னா அது இல்லாமலும் வேலை ஓடணும். நான் அதுக்கப்புறம் எந்த ஆபீஸ்ல வேலை பாத்தாலும், கோட வாரக் கடைசியில ஏத்தலாம்னு வெச்சுக்கறதே இல்ல, எழுந்து டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி ஏத்திட்டுத்தான் போவேன்.

கதவ அடைச்சதால கம்பெனிக்குப் பாதுகாப்பு கூடிச்சான்னா, நடந்தது நேர் எதிர். 2010 ஆகஸ்ட்ல யுஎஸ்பி-ல சொருகற ஒரு குச்சி வந்துச்சு, திருட்டு கேம் ஓட ஆரம்பிச்சுது. டிசம்பர் கடைசியில பெர்லின்ல நடந்த ஹேக்கர் மாநாட்டுல ஃபெயில்ஓவர்ஃப்ளோங்கற குழு மேடையேறி கம்பெனி சம்மதிச்ச சாப்ட்வேர்தானான்னு பிஎஸ்3 பாக்கற டிஜிட்டல் கையெழுத்து முறையவே தகர்த்துக் காட்டினாங்க. ஒவ்வொரு தடவ டிஜிட்டல் கையெழுத்து போடும்போதும் புதுசா ஒரு ரேண்டம் எண் எடுக்கணும், இவங்க எல்லாத்துக்கும் ஒரே எண்ண போட்டிருந்தாங்க, அப்ப ரெண்டு கையெழுத்த வெச்சு பள்ளிக்கூட அல்ஜீப்ரா மாதிரி கணக்கு போட்டா ரகசியச் சாவி கையில வந்துடும். அங்க அவங்க சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. லினக்ஸ் இருந்த வரைக்கும் திறமைசாலிங்களுக்கு இந்த மெஷின உடைக்கணும்னு தேவையே இருக்கல, அத எடுத்தப்புறம்தான் வேலையில இறங்கினாங்க. அப்புறம் ஜனவரில ஹாட்ஸ் இன்னொரு மூலச் சாவியையே வெளியிட்டான், சோனி அவன் மேல கேஸ் போட்டுச்சு. அந்தக் கேஸ்ல அவன் சைட்டுக்குப் போனவங்களோட ஐபி முகவரி, அதாவது எந்த இணைப்புல இருந்து வந்தாங்கங்கற விவரத்தக் கேட்டு வாங்க கோர்ட் அனுமதி கொடுத்துச்சுன்னு மார்ச்ல செய்தி. நான் விசால இருக்கற பொண்ணு, போன வருஷம் அந்தப் பக்கத்த மூணு தடவ திறந்து படிச்சவ. படிச்சது குத்தமில்லன்னு புத்திக்குத் தெரியும், ஆனா ரெண்டு வாரம் கதவு தட்டற சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடும். அந்த மாசக் கடைசியிலயே ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டாங்க, ஏப்ரல்ல அது வெளிய வந்துச்சு. அதே ஏப்ரல்ல வேற யாரோ பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குள்ள புகுந்து 7 கோடியே 70 லட்சம் பேரோட கணக்கு விவரம் ஆபத்துல சிக்குச்சு, மூணு வாரத்துக்கு மேல நெட்வொர்க்கே மூடிக் கிடந்துச்சு. என் ரூம்மேட் கார்ட அதுல கொடுத்திருந்தா, பேங்க்ல சொல்லி மாத்தினோம்.

அதர் ஓஎஸ் எடுத்ததுக்கு எதிரா 2010 ஏப்ரல்லயே கலிபோர்னியால வாங்கினவங்க சார்புல கேஸ் போட்டாங்க. அது ஒரு தடவ தள்ளுபடி ஆகி, 2014-ல மேல்முறையீட்டுல உயிர் வந்து, 2016-ல ஒரு சமரசம், லினக்ஸ் பயன்படுத்தினதுக்கு ஆதாரம் காட்டினா 55 டாலர்னு. அத அடுத்த வருஷம் நீதிபதி ஏத்துக்கல. 2018-ல திரும்ப 37.5 லட்சம் டாலர்ல ஒரு சமரசம், ஆளுக்கு 65 வரைக்கும் வரலாம்னாங்க. நான் மனு போட்டேன். எனக்கு அந்த முதல் மெஷின தூக்கிப் போட மனசு வராம வீடு மாத்தும்போதெல்லாம் கூடவே எடுத்துட்டு வந்ததால சீரியல் நம்பர் இருந்துச்சு, வாங்கின பில்லும் மெயில்ல இருந்துச்சு. எல்லாம் கழிஞ்சு கைக்கு வந்தது பத்து டாலர் சொச்சம். பில்ல பத்திரமா வெச்சுக்கோங்கன்னு நான் சொல்றது அந்தப் பத்து டாலருக்காக இல்ல. கோர்ட்ட விட வித்த கடைகிட்ட முதல் வாரமே கேக்கறது பல இடத்துல வேலைக்காகும், அதுக்கு பில் வேணும். அதே 2010 ஏப்ரல்ல பிரிட்டன்ல ஒருத்தர், சொல்லி வித்த வசதி இப்ப இல்லன்னு ஐரோப்பிய நுகர்வோர் சட்டத்தக் காட்டி, வாங்கின கடைகிட்ட இருந்து 84 பவுண்டு திரும்ப வாங்கினார்.

தங்கச்சி பையனுக்கு இதெல்லாம் பழைய கதை. ஆனா 2025-ல நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2-ங்கற கேம் மெஷின் வந்தப்போ, முன்னாடி வெச்சிருந்தவங்க ஏதோ பண்ணி நெட்வொர்க்ல தடை வாங்கின மெஷின, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க வீட்டுக்கு வந்து மாட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. கடையில வெச்சுப் பாக்கும்போது ஸ்கிரீன் எரியுது, கேம் ஓடுது, நல்லா ஓடுதுன்னு அவங்களும் நம்பித்தான் வாங்கியிருப்பாங்க. அதனால அவன்கிட்ட நான் சொன்னது, வாங்கறதுக்கு முன்னாடி மெஷின உன் கண்ணு முன்னாடி ஆன் பண்ணச் சொல்லு, செட்டிங்ஸ்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன திற, வெர்ஷன் நம்பரப் படி. நெட் வேணும்னா கடைசியா இணை, அப்டேட் கேட்டா வேணாம்னு அமுக்கு, அவங்க அமுக்கறதுக்கு முன்னாடி நீ அமுக்கு. பழைய மெஷின், பத்து நிமிஷம் இல்ல, அரை மணி நேரம் ஓட விட்டு ஃபேன் சத்தத்தக் கேளு. 3.21-ஓ அதுக்கு மேலயோ இருந்தா கம்பெனி கொடுத்த வழியில லினக்ஸ் போட முடியாது, அப்புறம் மத்தவங்க எழுதின சாப்ட்வேர ஏத்தித்தான் போகணும், அது உனக்கு வேணுமான்னு அங்க நின்னு முடிவு பண்ணாத, வீட்டுக்கு வந்து யோசி.

சனிக்கிழமை போறேன்னு சொல்லியிருக்கான். நம்பரப் பாத்துட்டு எனக்கு போட்டோ அனுப்புடா, அதுக்கப்புறம் பர்ஸ எடுன்னு சொல்லியிருக்கேன்.